சூப்பர்சார்ஜர் காரை டைனோவில் அளப்பது எப்படி: 2003 கோப்ராவை வைத்து ஒரு செய்முறை

2003, 2004 ஆண்டுகளில் வந்த ஃபோர்டு மஸ்டாங் எஸ்விடி கோப்ராவின் 4.6 லிட்டர் வி8 எஞ்சினுக்கு நிறுவனம் கொடுத்த கணக்கு இது: 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) 390 குதிரைத்திறன், 3,500 ஆர்பிஎம்மில் 390 பவுண்டு-அடி டார்க், அதாவது திருகு விசை. எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பது ஈட்டன் எம்112 ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. தொழிற்சாலையில் வைத்த பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் அழுத்தம், சுமார் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). டைனோ என்பது சக்கரத்தை உருளையில் சுற்றவிட்டுத் திறனை அளக்கும் கருவி. எதையும் மாற்றாத இந்தக் காரை டைனோஜெட் என்ற டைனோவின் உருளையில் ஏற்றினால் சக்கரத்தில் 350 முதல் 370 குதிரைத்திறன் வரை வருவது வழக்கம். அதே காரை அதே டைனோவில் இடைவெளி விடாமல் ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். ஐந்தாவது ஓட்டத்துக்கு அச்சிட்டுத் தரும் தாளில் இருபது முப்பது குறைந்திருந்தாலும் வியப்பில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சூடு ஏறியிருக்கும்.

ஆகவே சூப்பர்சார்ஜர் காரை அளப்பதில் பாதி வேலை சூட்டைக் கட்டுக்குள் வைப்பது. மீதிப் பாதி, ஒவ்வொரு ஓட்டத்தையும் முந்தையது போலவே ஓட்டுவது. இங்கே கோப்ராவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேனுவல் கியர், பின்சக்கர இயக்கம், சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் காற்றின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் என்று அளவுக்கு வேண்டிய எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே அதில் இருக்கிறது. வேறு கார் என்றாலும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

இந்தக் கார் வரிசைக்கும் டைனோவுக்கும் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் இல்லாத 1999 கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது அந்த அளவு வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை எஞ்சினுக்குள் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி), கணினி, எக்ஸாஸ்ட் ஆகியவற்றை மாற்றிக் கொடுத்தது. ஒழுங்காக எடுத்த டைனோ தாளுக்கு அவ்வளவு வலு உண்டு. ஒழுங்கில்லாமல் எடுத்த தாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

டைனோ உண்மையில் எதை அளக்கிறது

டைனோஜெட் 248 போன்ற இனர்ஷியா டைனோவில் 48 அங்குல விட்டமுள்ள கனமான உருளைகள் இருக்கும். கார் அதைச் சுழற்றி வேகப்படுத்துகிறது. உருளையின் நிலைமத் திருப்புத்திறன் கணினிக்கு முன்பே தெரியும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகம் ஏறியது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடுகிறது. அதாவது உருளையிலிருந்து நேராகக் கிடைப்பது குதிரைத்திறன். டார்க்கை அது தனியாக அளப்பதே இல்லை. குதிரைத்திறனை 5,252ஆல் பெருக்கி எஞ்சின் ஆர்பிஎம்மால் வகுத்து டார்க்கைப் போடுகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று ஜேம்ஸ் வாட் வைத்த அளவு. அதை இரண்டு பை கொண்டு வகுத்தால் வருவது 5,252.

எடுத்துக்காட்டாக 6,000 ஆர்பிஎம்மில் 360 குதிரைத்திறன் என்றால், 360 × 5,252 ÷ 6,000 = 315 பவுண்டு-அடி. இதை 1.356ஆல் பெருக்கினால் 427 நியூட்டன் மீட்டர். கிலோவாட், நியூட்டன் மீட்டர் வழியில் போட விரும்பினால் 5,252க்குப் பதிலாக 9,549. ஐரோப்பிய, ஜப்பானிய தாள்களில் வரும் பிஎஸ் என்பது 735.5 வாட், அமெரிக்கக் குதிரைத்திறன் 745.7 வாட். 360 குதிரைத்திறன் 365 பிஎஸ் ஆகிவிடும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் இல்லாத ஐந்து குதிரைகள் முளைக்கும்.

டார்க் கணக்கில் ஆர்பிஎம் நுழைவதால் வரும் விளைவை நன்றாக மனதில் வையுங்கள். ஆர்பிஎம் சிக்னல் தவறாக இருந்தால் குதிரைத்திறன் சரியாகவும் டார்க் தவறாகவும் வரும். குதிரைத்திறன் கோடும் டார்க் கோடும் 5,252இல் வெட்டிக்கொண்டால் தாள் சரி என்று பலர் நம்புகிறார்கள். அது போதாது. ஆர்பிஎம் தவறினாலும் அதே சூத்திரத்தில்தான் டார்க் போடப்படுகிறது, ஆகவே வெட்டும் இடம் மாறவே மாறாது. பவுண்டு-அடியும் குதிரைத்திறனும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருக்கின்றன என்பதை மட்டுமே அந்தச் சந்திப்பு சொல்கிறது.

மஸ்டாங் டைனமோமீட்டர் போன்றவை எடி கரன்ட் பிரேக் (மின்காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் பிரேக்) வைத்து உருளைக்குச் சுமை கொடுக்கும். டைனாபேக் மாதிரியானவற்றில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே பொருத்துவார்கள், டயர் வழுக்கும் பேச்சே இல்லை. சுமை டைனோ பெரும்பாலும் டைனோஜெட்டைவிடக் குறைத்துக் காட்டும். எது உண்மை என்று சண்டை போடுவதில் பயனில்லை. இரண்டு டைனோக்களின் எண்களை ஒப்பிடாமல் இருந்தால் போதும். சுமை டைனோவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஓட்டத்தின் வேகத்தை இயக்குபவரே அமைக்கிறார். மெதுவாக இழுத்தால் சூப்பர்சார்ஜர் அதிக நேரம் முழுச் சுமையில் நிற்கும், காற்று அதிகம் சூடாகும். எவ்வளவு வேக ஏற்றம் அமைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

எஞ்சின் ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம், கசிவு. இவை எல்லாக் காருக்கும் உள்ளவை. பெட்ரோல் அரை டேங்க்காவது இருக்கட்டும். வழக்கமாகப் போடும் பெட்ரோலையே போடுங்கள். டைனோவுக்காக மட்டும் உயர் ஆக்டேன் ஊற்றினால் அந்த எண் உங்கள் காருடையதாக இருக்காது. அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் 91 என்பது இந்தியாவில் நாம் பேசும் ரான் (ஆக்டேனை அளக்கும் இன்னொரு முறை) கணக்கில் ஏறக்குறைய 95, 96. அங்கே 93 என்றால் இங்கே 98. இந்த எஞ்சினுக்கு அங்குள்ள 91க்குக் கீழே போடவே கூடாது.

சூப்பர்சார்ஜருக்கென்று பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது பெல்ட். எஞ்சினை அணைத்து, கையால் திருப்பி, பள்ளங்கள் உள்ள பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல மினுங்கினால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது. புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருந்தாலும் அப்படித்தான். எங்காவது கூலன்ட், ஆயில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, பெல்ட்டையே மாற்றுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை தன் ஓட்டத்தின் எல்லையில் முட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். சின்னப் புல்லி போட்டுவிட்டுப் பழைய நீளப் பெல்ட்டையே விட்டிருந்தால் இது நடக்கும்.

இரண்டாவது இன்டர்கூலர் நீர்ச்சுற்று. கோப்ராவில் இது எஞ்சின் கூலன்ட்டிலிருந்து தனி. ஒரு சிறிய மின் பம்ப், முன்பக்கம் ஒரு வெப்பமாற்றி, சூப்பர்சார்ஜருக்கு அடியில் இன்டர்கூலர் என்று அமைந்திருக்கும். பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் அசைகிறதா என்று பாருங்கள். உள்ளே காற்று அடைத்திருந்தால் பம்ப் ஓடும், தண்ணீர் நகராது. முதல் ஓட்டம் நன்றாக வந்து இரண்டாவது ஓட்டத்திலேயே பத்துப் பதினைந்து குதிரை குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது ஸ்பார்க் பிளக் இடைவெளி. பூஸ்டை ஏற்றிய கார்களில் தொழிற்சாலை இடைவெளியிலேயே விட்டால் மேல் ஆர்பிஎம்மில் தீப்பொறி அணைந்து அணைந்து எரியும். பூஸ்ட் ஏற்றியவர்கள் 0.9 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்வது வழக்கம். பூஸ்டைத் தொடாத காரில் தொழிற்சாலை அளவே போதும்.

டயர்: இரண்டு பின் டயரிலும் ஒரே காற்று, குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் அதே 32. டயர்ப் பட்டன்களுக்கு நடுவே சிக்கிய கற்களை எல்லாம் குத்தி எடுத்துவிடுங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் உருளையிலிருந்து தெறிக்கும் கல் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். பழைய, வெடிப்பு விட்ட டயரோடு டைனோவில் ஏறாதீர்கள்.

ஏற்றிக் கட்டுதல்

பின்சக்கரங்கள் உருளையின் உச்சியில் நேராக உட்கார வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு. பின்பக்கத்தை நான்கு ராட்செட் பட்டைகளால் கட்டுங்கள். இரண்டு முன்னோக்கி இழுக்கும், இரண்டு பின்னோக்கிக் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கும், அப்போதுதான் பின்பக்கம் பக்கவாட்டில் நகராது. கோப்ராவில் பின் சஸ்பென்ஷன் தனித்தனி. ஆகவே பட்டையைச் சப்ஃபிரேமில் அல்லது பாடியின் உறுதியான இடத்தில் மாட்டுங்கள். கன்ட்ரோல் ஆர்மிலோ அரை ஆக்சில் பக்கமோ மாட்டினால் சஸ்பென்ஷன் கோணம் மாறி, பட்டையும் ஆக்சிலும் உரசும்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தளர்வாக இருந்தால் டயர் உருளையில் வழுக்கும். பயந்துபோய் முழு பலத்தோடு இறுக்கினால் டயர் உருளையில் நசுங்கி, உருளும் தடை கூடி, எண் குறையும். கார் உயரம் தன் இயல்பிலிருந்து கொஞ்சம் மட்டும் இறங்கும் அளவுக்கு இறுக்கிவிட்டு, மூன்றாவது கியரில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேராக ஓடினால் நிறுத்தி இன்னொரு சுற்று சரிபாருங்கள். ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை உயரத்தை நாடாவால் அளந்து எழுதிவைத்தால், அடுத்த முறை அதே இறுக்கத்துக்கு வரலாம். இந்தச் சின்ன அளவை எடுப்பவர்கள் குறைவு, ஆனால் ஆறு மாதம் கழித்து இன்னொரு தாளோடு ஒப்பிடும்போது மிகவும் கைகொடுக்கும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். முன்சக்கரம் நின்றிருக்கப் பின்சக்கரம் சுற்றுவதைக் கண்டால் கணினி சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும்.

ரேடியேட்டருக்கும் இன்டர்கூலர் வெப்பமாற்றிக்கும் சேர்த்துக் காற்று போகும்படி பெரிய விசிறியை முன்னால் வையுங்கள். எக்ஸாஸ்ட் புகையை வெளியே இழுக்கும் குழாய் கட்டாயம், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காருக்குப் பின்னாலோ உருளைக்குப் பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. படம் பிடிக்க வருபவருக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆர்பிஎம் சிக்னல்

பழைய கார்களில் ஒரு ஸ்பார்க் பிளக் வயரில் கிளாம்பைக் கவ்வவிட்டால் முடிந்தது. கோப்ராவில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில், வயரே கிடையாது. ஆகவே ஒரு காயிலுக்குப் போகும் மெல்லிய கட்டுப்பாட்டு வயரில் கிளாம்பை மாட்ட வேண்டும், அல்லது கண்டறியும் சாக்கெட் வழியாகக் கணினியிலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது வழி: ஒரு கியரில் நிலையாக 3,000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, உருளை வேகத்தோடு விகிதத்தை டைனோ மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுப்பது.

எந்த வழியானாலும் கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்ராவின் 275/40 அளவு 17 அங்குல டயரின் விட்டம் சுமார் 652 மில்லிமீட்டர், சுற்றளவு 2.05 மீட்டர். பின் ஆக்சில் விகிதம் 3.55. நான்காவது கியர் 1:1. ஆகவே 3,000 ஆர்பிஎம்மில் சக்கரம் நிமிடத்துக்கு 845 சுற்று சுற்றும், வேகம் மணிக்கு 104 கிலோமீட்டர். சுமையில் டயர் சற்று அமுங்குவதால் 101, 102 என்று காட்டினால் சரி. 95 என்றோ 112 என்றோ காட்டினால் ஆர்பிஎம் சிக்னல் பொய் சொல்கிறது, அல்லது காரில் யாரோ ஆக்சில் விகிதத்தை மாற்றியிருக்கிறார்கள். அதைத் தீர்க்காமல் ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.

கூடவே பதிவு செய்ய வேண்டியவை

குதிரைத்திறன் கோடு மட்டும் இருந்தால் ஏன் அப்படி வந்தது என்று ஒருபோதும் தெரியாது. நான்கு அளவுகளைச் சேர்த்துப் பதியுங்கள்.

காற்று-எரிபொருள் விகிதம். எக்ஸாஸ்ட் வால் முனையில் செருகும் குழாய் சௌகரியமானது, ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதாலும், வழியில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலப்பதாலும், உண்மையைவிட மெலிந்த (பெட்ரோல் குறைந்த) கலவையாகக் காட்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் வைட்பேண்ட் சென்சார் (புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையை அளப்பது) பொருத்த இடமிருந்தால் அதுவே நம்பகம். முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்டோடு ஓடும்போது பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 வரை பாதுகாப்பான எல்லை. 12.5ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

பூஸ்ட். இன்டர்கூலருக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். இன்டேக் வெப்பம், அதாவது இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம். இதற்கான இரண்டாவது சென்சார் கோப்ராவில் ஏற்கெனவே இருக்கிறது, கண்டறியும் சாக்கெட் வழியாகப் படிக்கலாம். நான்காவது, கணினி கொடுக்கும் இக்னிஷன் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்), நாக்கிங்கை, அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை, உணரும் நாக் சென்சார் அதைக் குறைக்கிறதா என்பதும்.

ஓட்டம்

நான்காவது கியரில் ஓட்டுங்கள். டி56 கியர்பாக்ஸில் நான்காவது நேரடி இணைப்பு. மற்ற கியர்களில் பல்சக்கர ஜோடிகள் வழியாகச் சக்தி போவதால் கொஞ்சம் தேய்மானம் கூடும். மூன்றாவதில் ஓட்டினால் எல்லாம் வேகமாக நடந்து முடியும். அப்போது எஞ்சின், ஃப்ளைவீல், சக்கரம், சூப்பர்சார்ஜர் ரோட்டர் எல்லாவற்றையும் வேகப்படுத்தவே திறனில் பெரும் பங்கு போய், உருளைக்கு வருவது குறையும். எண் தாழ்ந்து தெரியும். ஐந்தாவதில் ஓட்டினால் சக்கர வேகம் எல்லை மீறும். நான்காவதிலேயே 6,500 ஆர்பிஎம்மில் மணிக்கு 225 கிலோமீட்டர் ஆகிவிடும். டயரின் வேகக் குறியீடு அதற்கு மேல் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைக்க வேண்டியதும் இதனால்தான்.

1. கூலன்ட் 85 முதல் 90 டிகிரி வரும்வரை உருளையிலேயே மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். கூலன்ட் சூடானாலும் கியர்பாக்ஸ், ஆக்சில் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். குளிர்ந்த ஆக்சில் ஆயில் சில குதிரைகளை விழுங்கும்.

2. ஆக்சிலரேட்டரை விட்டு, இன்டேக் வெப்பம் நிலைக்கும்வரை காத்திருங்கள். அந்த எண்ணை எழுதுங்கள். இனி ஒவ்வொரு ஓட்டமும் இந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

3. நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் நிலைப்படுத்தி, பதிவைத் தொடங்கச் சொல்லி, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக, ஒரு விநாடிக்குள் தரை வரை அழுத்துங்கள். குத்தி அழுத்தினால் டயர் துள்ளும், கோட்டின் தொடக்கத்தில் போலியான முகடு வரும்.

4. 6,300 வரை போங்கள். ரெவ் லிமிட்டரில் முட்டவிட வேண்டாம்.

5. கிளட்ச்சை அழுத்தி, உருளையைத் தானாக வேகம் குறையவிடுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டன் கணக்கில் எடையுள்ள உருளை உங்கள் பிரேக் டிஸ்க்கைப் பழுக்கவைத்துவிடும். நிறுத்துவதற்கு டைனோவிலேயே பிரேக் இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

முழு ஓட்டமும் பத்துப் பதினைந்து விநாடிதான். முதல் ஓட்டத்தை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, அடுத்த மூன்றைக் கணக்கில் எடுங்கள். மூன்றும் ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்குள் நின்றால் அளவு சரி. 360 குதிரைக்கு அது நான்கைந்து குதிரை. அதற்கு மேல் சிதறினால் உயர்ந்ததைப் பொறுக்கி எடுப்பது முறையல்ல. ஏன் சிதறுகிறது என்று தேடுங்கள்.

சூடு

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் காற்றை உள்ளே அமுக்குவதில்லை, தள்ளிக்கொண்டு போய் மேனிஃபோல்டில் திணிக்கிறது. அதனால் ட்வின் ஸ்க்ரூ, சென்ட்ரிஃபியூகல் வகைகளைவிட அதிகம் சூடாக்கும், பூஸ்ட் ஏற ஏற அது இன்னும் மோசமாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது இன்டர்கூலர் தண்ணீர். சாலையில் போகும்போது வெப்பமாற்றிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். டைனோவில் விசிறி தருவது அதில் ஒரு பங்குதான். ஆகவே தண்ணீர் ஓட்டத்துக்கு ஓட்டம் சூடேறிக்கொண்டே போகும்.

எவ்வளவு இழப்பு என்று கணக்கிடலாம். ஒரே பூஸ்ட் அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் மாறும். 45 டிகிரி என்பது 318 கெல்வின், 75 டிகிரி என்பது 348. 318 ÷ 348 = 0.914. எட்டரை சதவீதக் காற்று காணாமல் போய்விட்டது. அதற்கு மேல், சூடான காற்றில் நாக்கிங் வரும் என்று கணினி டைமிங்கையும் பின்னுக்கு இழுக்கும். பூஸ்ட் முள் மட்டும் அசையாமல் அதே 8 பிஎஸ்ஐயில் நிற்கும். பூஸ்ட் சரியாக இருக்கிறது, திறன் மட்டும் ஏன் குறைந்தது என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

செய்ய வேண்டியது எளிது: ஓட்டங்களுக்கு நடுவே ஐந்து முதல் பத்து நிமிடம். அந்த நேரத்தில் விசிறி ஓடட்டும், பானெட் திறந்திருக்கட்டும், இன்டர்கூலர் பம்ப் ஓடட்டும். பம்ப் ஓடுவதற்காக எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் சூப்பர்சார்ஜர் உடல் கீழிருந்து சூடாகிக்கொண்டே இருக்கும். சாவியை மட்டும் போட்டுப் பம்ப் ஓடுமானால் எஞ்சினை அணைத்துவிடுவது நல்லது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இன்டேக் வெப்பத்தைப் பாருங்கள். தொடக்க எண்ணிலிருந்து ஐந்து டிகிரிக்குள் வந்த பிறகே அடுத்த ஓட்டம்.

தொட்டியில் பனிக்கட்டி போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. டிராக் பந்தயத்துக்குப் போகும் கார் என்றால் அதில் பொருள் இருக்கிறது. தினமும் ஓட்டும் காருக்கு அப்படி எடுத்த தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓட்டினால், தாளில் பனிக்கட்டி என்று எழுதிவிடுங்கள்.

கோட்டைப் படிப்பது

ரூட்ஸ் பொருத்திய காரின் டார்க் கோடு மேசை போலத் தட்டையாக இருக்கும். 2,500இலிருந்தே ஏறி நிற்கும், 5,000க்கு மேல் மெல்லச் சரியும். சென்ட்ரிஃபியூகல் பொருத்திய காரில் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறிக்கொண்டே போவதால் குதிரைத்திறனும் கடைசி வரை ஏறும். அந்த வகைக் காரில் 200 ஆர்பிஎம் முன்னால் நிறுத்தினாலே உச்ச எண் கணிசமாகக் குறையும். ஆகவே எங்கே நிறுத்தினீர்கள் என்பதும் அளவின் பகுதி.

மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஒன்றிரண்டு பிஎஸ்ஐ விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். சோதிக்க, மெதுவாக ஓட்டிய பிறகும் முழு ஓட்டத்துக்குப் பிறகும் பெல்ட்டையும் பக்கத்துத் தூளையும் பாருங்கள். பூஸ்ட் மேல் ஆர்பிஎம்மில் சரியாக இருந்து கீழ் ஆர்பிஎம்மில் மட்டும் ஏறாமல் இருந்தால், காற்றைச் சுற்றித் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். 

குதிரைத்திறன் கோடு ரம்பப் பல் போல நடுங்கினால் மூன்று காரணங்கள் இருக்கலாம். டயர் வழுக்கியிருந்தால் உருளை வேகத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் உள்ள விகிதம் அந்த இடத்தில் தாவும். கிளட்ச் வழுக்கினால் அதே விகிதம் தாவாமல் மெல்ல மெல்ல விலகும், கூடவே கருகல் நாற்றம் வரும். விகிதம் கல் போல நின்றும் கோடு நடுங்கினால், தீப்பொறி அணைகிறது, பிளக்கையும் காயிலையும் பாருங்கள். இந்த விகிதக் கோட்டைப் பல இடங்களில் அச்சிட்டே தருவதில்லை. கேட்டு வாங்குங்கள்.

சின்னப் புல்லி போட்ட காரில் இன்னொன்றும் நடக்கும். தொழிற்சாலைப் புல்லியின் விட்டம் சுமார் 3.65 அங்குலம். அதை 2.93 ஆக்கினால் சூப்பர்சார்ஜர் 25 சதவீதம் வேகமாகச் சுற்றும். அத்தனை காற்றையும் எண்ண வேண்டிய மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் 5 வோல்ட்டைத் தொட்டு அங்கேயே நின்றுவிடலாம். அதற்கு மேல் வரும் காற்று கணினியின் கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடாது, கலவை மெலியும். டைனோ தாளில் எண் அழகாக ஏறிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கும். எனவே புல்லி மாற்றிய காரை டியூன் செய்யாமல் முழு ஓட்டம் ஓட்டவே கூடாது. டியூன் செய்த பிறகும் முதல் ஓட்டத்தை 4,500இல் நிறுத்தி, கலவையையும் நாக்கையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

திருத்தக் கணக்கு

வெப்பமும் அழுத்தமும் ஈரப்பதமும் மாறும்போது ஒரே எஞ்சின் வேறு வேறு எண் தரும். அதைச் சமன்செய்ய டைனோ ஒரு திருத்தப் பெருக்கெண்ணைப் போடுகிறது. எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே1349 முறையில் அடிப்படை நிலை 25 டிகிரி செல்சியஸ், உலர் காற்றழுத்தம் 990 மில்லிபார். சூத்திரம்: 990ஐ அன்றைய உலர் அழுத்தத்தால் வகுத்து, அன்றைய கெல்வின் வெப்பத்தை 298ஆல் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 1.18ஆல் பெருக்கி, 0.18ஐக் கழிக்க வேண்டும்.

35 டிகிரி, பாதி ஈரப்பதம், பாரோமீட்டர் 1,008 மில்லிபார் என்று வையுங்கள். நீராவியின் பங்கு 28 மில்லிபார், கழித்தால் உலர் அழுத்தம் 980. 990 ÷ 980 = 1.0102. 308 ÷ 298இன் வர்க்கமூலம் 1.0166. இரண்டையும் 1.18ஐயும் பெருக்கி 0.18 கழித்தால் 1.032. அளந்தது 349 என்றால் தாளில் 360 வரும். திருத்தம் 7 சதவீதத்தைத் தாண்டும் நாளில் எடுத்த எண்ணை நம்பி ஒப்பிட வேண்டாம்.

தாளின் மூலையில் எஸ்டிடி என்று இருந்தால் அது வேறு, அதன் அடிப்படை நிலை 15.5 டிகிரியும் 1,013 மில்லிபாரும். குளிர்ந்த, கனத்த காற்று. ஆகவே எண் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். அதே 360 அங்கே 374. எண்ணைப் பெரிதாகக் காட்ட விரும்பும் இடங்களில் இதைத்தான் அச்சிடுவார்கள். ஒப்பிடும் இரண்டு தாளும் ஒரே முறையில் இருந்தால் எதுவும் பரவாயில்லை.

கேட்டால் மறுத்துப் பேசுபவர்கள் அதிகம் உள்ள இடம் இது: சூப்பர்சார்ஜர் காருக்கு இந்தத் திருத்தம் பொருந்துமா? மேனிஃபோல்டு அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்த வேஸ்ட்கேட்டை (டர்போவுக்குப் போகும் புகையைத் திசைதிருப்பும் வால்வு) இயக்கும் டர்போ காரில் வெளிக்காற்று மெலிந்தாலும் கணினி பூஸ்டை நிரப்பிவிடும், அதற்கு முழுத் திருத்தம் போட்டால் எண் ஊதிப்போகும். பெல்ட்டால் ஓடும் சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பெருக்குகிறது. வெளிக்காற்று குறைந்தால் உள்ளேயும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே திருத்தம் இங்கே நியாயமானது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு அறைவெப்பம்தான் தெரியும், இன்டர்கூலருக்குப் பின்னால் 75 டிகிரி ஆகிவிட்டது தெரியாது. சூடேறியதால் போன குதிரைகளை எந்தத் திருத்தமும் திருப்பித் தராது.

டைனோவின் வானிலை உணரி எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கமோ ரேடியேட்டர் விசிறியின் சூட்டிலோ இருந்தால் அறை உண்மையைவிடச் சூடு என்று நினைத்து எண்ணை ஏற்றிவிடும்.

ஸ்மூத்திங் என்ற அமைப்பு டைனோஜெட்டில் 0 முதல் 5 வரை. 0இல் ஒவ்வொரு நடுக்கமும் தெரியும், உச்ச எண்ணும் சில குதிரை கூடத் தெரியும். 5இல் எல்லாம் மழுங்கும். கோளாறு தேட 0, ஒப்பிட 5 என்று வைத்துக்கொள்வது வசதி.

ஃப்ளைவீல் எண் எவ்வளவு?

சக்கரத்தில் வந்ததை 0.85ஆல் வகுத்தால் எஞ்சின் திறன் என்று பொதுவாகச் சொல்வார்கள். கோப்ராவில் 360ஐ அப்படி வகுத்தால் சுமார் 424 வருகிறது. நிறுவனம் சொன்னதோ 390. அடக்கித்தான் சொன்னார்கள் என்று பலர் கருதுவதற்கு இதுவே காரணம். ஆனால் 15 சதவீதம் என்பது மரபாக வந்த ஊகம். கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்னும் திறன் அப்படியே ஒரு சதவீதமாக வளர்வதில்லை. பூஸ்ட் ஏற்றி அதே காரை 500 ஆக்கினால் இழப்பும் அதே விகிதத்தில் கூடிவிடும் என்று சொல்ல முடியாது. எஞ்சினைக் கழற்றி எஞ்சின் டைனோவில் வைக்காதவரை, சக்கரத்தில் வந்த எண்ணைச் சக்கரத்து எண்ணாகவே சொல்லுங்கள்.

தாளின் ஓரத்தில்

இவற்றைக் கையால் எழுதுங்கள்: தேதி, டைனோ வகை, கியர், திருத்த முறை, ஸ்மூத்திங் எண், டயர் காற்று, ஃபெண்டர் உயரம், பெட்ரோல், சூப்பர்சார்ஜர் புல்லி விட்டம், உச்ச பூஸ்ட், தொடக்கத்திலும் முடிவிலும் இன்டேக் வெப்பம், 6,000இல் காற்று-எரிபொருள் விகிதம், டைமிங். பிறகு மென்பொருளிலிருந்து மூல ஓட்டக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் திருத்த முறையையும் ஸ்மூத்திங்கையும் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். அச்சிட்ட தாளில் அது முடியாது.

கிளம்பும் முன் எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சரிபார்த்து, காரின் அடியில் புதிதாக ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு உருளையிலிருந்து இறக்குங்கள்.